பத்து லீ நூலோடு ஒரு கடிதம்

சிங்காநல்லூர்,
கோயம்புத்தூர்.

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டு வீட்டில் இவளுக்கும் பெரிய நிம்மதி. நாங்கள் எல்லோரும் நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். என் பழைய லேப் நோட்டுகள் இருக்கிற அலமாரிக்குத்தான் நேராகப் போகிறாள். உன் கடிதம் வந்த அன்றைக்கு அவள் இழுத்துப் போட்ட நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்தப் பதில் நீளப்போகிறது.

உன் மாணவி கேட்ட கேள்வி மனதிலேயே நிற்கிறது. “இரண்டு வகுப்பையும் ஒப்பிடச் சராசரி போதுமே சார், திட்ட விலக்கம் எதற்கு?” எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு அது என்று நீ புத்தகத்தில் இருப்பதைச் சொன்னாய், ஆனால் உனக்கே திருப்தியில்லை என்று எழுதியிருக்கிறாய். ரங்கா, முப்பத்தொரு வருஷம் மில் லேபில் உட்கார்ந்து தினமும் நான் பதில் எழுதியது இந்த ஒரே கேள்விக்குத்தான். அதை உனக்கு ஒருமுறையாவது சரியாகச் சொல்லாமல் விட்டேனே என்று இருக்கிறது.

லேபில் காலையில் முதல் வேலை கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லிசு என்கிற நம்பர், பார்ப்பது. ஸ்பின்னிங்கிலிருந்து காப்ஸ், அதாவது நூல் சுற்றிய குழல்கள், வரும். ரேப் ரீல் என்று ஒரு கைச்சக்கரம், சுற்றளவு சரியாக ஒன்றரை கெஜம். எண்பது சுற்று சுற்றினால் 120 கெஜம், நம் கணக்கில் கிட்டத்தட்ட 110 மீட்டர். அதற்குப் பெயர் ஒரு லீ. அதைக் கழற்றி முறுக்கி, தராசில் வைத்து எடை எழுத வேண்டும். 64.8-ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட். நாற்பதாம் நம்பர் நூலின் லீ 1.62 கிராம்தான் இருக்கும், ஃபேன் போட்டால் தராசு ஆடும். கவுண்ட் கூடக்கூட நூல் மெலியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

நோட்டில் நான் கண்டெடுத்தது ஒரு நாளின் இரண்டு வரிசை. ஒரு மிஷினில் 39.6, 40.2, 40.0, 39.8, 40.4. இன்னொன்றில் 38, 42, 38, 43, 39. இரண்டுக்கும் சராசரி 40. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. சராசரிக் கட்டத்தில் 40 என்று இரண்டு முறை எழுதி, சரி என்று கையெழுத்தும் போட்டேன்.

அந்த நூல் திருப்பூருக்குப் போனது. பனியன் துணி பின்னும் மிஷினில் பல கோன்களிலிருந்து நூல் பக்கத்துப் பக்கத்தில் ஏறும். ஒரு கோன் தடிமன், அடுத்தது மெல்லிசு என்றால் பின்னும்போது யாருக்கும் தெரியாது. சாயம் போட்ட பிறகுதான் தெரியும், குறுக்கே பட்டை பட்டையாக. முழு லாட்டும் திரும்பி வந்தது. அந்தத் துணியில் ஒரு முழம் வெட்டி என் மேஜையில் வைத்தார்கள். நீலத் துணி. வெயிலில் தூக்கிப் பிடித்தால் வெளிர் கோடு, கருங்கோடு, வெளிர் கோடு. என்னிடம் யாரும் சத்தம் போடவில்லை. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் தேடிப் போனபோதுதான் உண்மையான பாடம் கிடைத்தது. டிராயிங் ஃபிரேமில் எட்டு பஞ்சுத் திரியைச் சேர்த்து இழுத்து ஒரே திரியாக்குவார்கள். ஒன்று அறுந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும். அந்த ஸ்விட்ச் சில சமயம் வேலை செய்யவில்லை. ஏழே திரியில் ஓடிய பஞ்சு எட்டில் ஒரு பங்கு மெலிந்து, நூலும் மெலிந்தது. சராசரி 40-க்கு மேலே போவதைப் பார்த்த ஷிப்ட் சூப்பர்வைசர், பல்சக்கரத்தை மாற்றிச் சராசரியைத் திரும்ப 40-க்குக் கொண்டுவந்துவிட்டார். அதனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்த நூலும் தடித்து 38 ஆனது. நோய் அப்படியே இருந்தது, நல்ல நூலும் கெட்டது, ரிப்போர்ட் மட்டும் அழகாக இருந்தது. சராசரியை மட்டும் துரத்தினால் இப்படித்தான் நடக்கும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

உன் பிள்ளைகளை அந்தப் பத்து எண்ணையும் வைத்துக் கணக்குப் போடச் சொல். முதல் வரிசையின் திட்ட விலக்கம் 0.28. இரண்டாவதில் 2.1. ஒன்று மற்றதைப்போல ஏழு மடங்கு. சராசரி மறைத்ததை இந்த ஒரு எண் போட்டு உடைக்கிறது. (விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை உங்கள் பாடப்புத்தகம் ஐந்தால் வகுக்கும், நாங்கள் நாலால் வகுப்போம், அப்போது 2.1 என்பது 2.35 ஆகும். மிஷினில் ஓடுவது லட்சக்கணக்கான மீட்டர், நாங்கள் எடுத்துப் பார்ப்பது ஐந்து லீ. கொஞ்சம் மாதிரியை வைத்து முழுசையும் மதிப்பிடும்போது சிதறலைக் குறைத்துச் சொல்லிவிடுவோம், அதை ஈடுகட்டத்தான் ஒன்று குறைத்து வகுப்பது. கேட்கிற பிள்ளைக்கு மட்டும் சொல்.)

இந்தச் சின்ன மாதிரிக் கவலையை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவரும் நம்மைப்போல ஒரு தொழிற்சாலைக்காரர்தான். வில்லியம் சீலி காசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். ‘திட்ட விலக்கம்’ என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் கார்ல் பியர்சன், 1890-களில். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் காசெட்.

அப்புறம், திட்ட விலக்கத்தை மட்டும் வைத்து ஒப்பிடவும் கூடாது. இருபதாம் நம்பர் நூலில் விலக்கம் 0.5, எண்பதாம் நம்பரில் 0.6 என்று வை. பார்த்தால் இருபதுதான் சீராக இருப்பதுபோலத் தோன்றும். சராசரியால் வகுத்து நூறால் பெருக்கு. இருபதுக்கு 2.5 சதவீதம், எண்பதுக்கு 0.75. அடியோடு தலைகீழ். உங்கள் புத்தகத்தில் மாறுபாட்டுக் கெழு, எங்கள் மில்லில் ‘சிவி’. நான்கு வகுப்பு படித்த ஃபிட்டர்கூட “இன்னைக்கு சிவி எவ்வளவுங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். அந்த வார்த்தை அவருக்குப் பரீட்சைக் கேள்வி இல்லை, தன் கைவேலை நன்றாக இருக்கிறதா என்பதற்கான பதில்.

ஆனால் வெப்பநிலைக்குச் சிவி போடவிடாதே. சராசரி 30 டிகிரி செல்சியஸ், விலக்கம் 2 என்றால் சிவி 6.7 சதவீதம். அதே வெயிலை ஃபாரன்ஹீட்டில் எழுது: 86, விலக்கம் 3.6, சிவி 4.2. வெயில் மாறவில்லை, எண் மாறிவிட்டது. பூஜ்யம் என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லை என்று ஆகிற அளவுகளுக்குத்தான், எடை, நீளம், மழை போன்றவற்றுக்குத்தான், அது பொருந்தும்.

மழை என்றதும் உன் வயல் ஞாபகம் வருகிறது. 2015-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 சதவீதம் கூடுதல். அடுத்த வருஷம் 62 சதவீதம் குறைவு. இயல்பை 100 என்று வைத்தால் 153-ம் 38-ம். சராசரி 95.5. காகிதத்தில் பார்த்தால் குறைசொல்ல முடியாத இரண்டு வருஷம். ஒரு வருஷம் சென்னையே மிதந்தது. மறு வருஷம் டெல்டாவில் சம்பா கருகி, நீ எனக்கு எழுதிய கடிதத்தில் பாதி வரி அடித்து அடித்து எழுதியிருந்தாய். இந்த இரண்டு எண்ணுக்கும் திட்ட விலக்கம் 57.5. உன் மாணவர்களில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம்தானே? அவர்கள் அப்பாவிடம் போய்ச் சராசரி மழை 95 என்று சொன்னால் என்ன சொல்வார் என்று கேட்டுப் பார். நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழையின் சிவி சுமார் 10 சதவீதம்தான். நம் வடகிழக்குக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நம் ஆட்கள் ஏன் ஏரி ஏரியாக வெட்டி வைத்தார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் ஞாபகத்துக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு எண்ணும் சேர்ந்தாலும் முழுக்கதை ஆகாது. ஒரு மிஷினில் எல்லா ஸ்பிண்டிலும், அதாவது நூலை முறுக்கும் எல்லாக் கதிரும், கொஞ்சம் கொஞ்சம் ஆடும். இன்னொன்றில் எல்லாம் நன்றாக இருந்து ஒரே ஒரு ஸ்பிண்டில் கெட்டிருக்கும். சராசரியும் விலக்கமும் ஒன்றாகவே வரலாம். ஆனால் முதலாவதற்கு மிஷினையே பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு ஒரு மணி நேர வேலை. அதனால் கணக்குப் போடுவதற்கு முன்பு எண்களை ஒரு கோட்டில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்க்கச் சொல். 1973-இல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு தொகுதிகளை அமைத்துக் காட்டினார். சராசரிகளும் விலக்கங்களும் அநேகமாக ஒன்றுதான், படம் போட்டால் நான்கும் நான்கு விதம். கரும்பலகையில் போட நல்ல பாடம் அது.

இந்தக் கவரோடு இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன். பழைய மில் நண்பரிடம் கேட்டு வாங்கியது. ஒன்றில் ஐந்து லீ, மற்றதிலும் ஐந்து லீ, எல்லாம் நாற்பதாம் நம்பர் என்று சொல்லித் தந்தவை. ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் பள்ளி வேதியியல் லேபில் இரண்டு தசமம் காட்டும் தராசு இருக்கும் அல்லவா? அந்தப் பெண்ணையே எடை போடச் சொல். ஃபேனை நிறுத்தச் சொல், கையில் ஈரம் வேண்டாம், பஞ்சு ஈரத்தை இழுக்கும். 64.8-ஐ வகுத்து வருகிற பத்து எண்ணையும் வைத்து, எந்தப் பொட்டல நூலில் துணி பின்னலாம் என்று அவள் முடிவு செய்யட்டும். எது எந்த மிஷினுடையது என்று உனக்கும் இப்போது சொல்லவில்லை. அவள் எழுதி அனுப்பட்டும், என் குறிப்போடு ஒப்பிட்டு நானே அவளுக்குப் பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மே மாதம் நீ ரிட்டயர் ஆகும் நாளை முன்கூட்டியே எழுது, டிக்கெட் எடுக்க வேண்டும்.

என்றும் உன்,
முருகேசன்