14 வென்ற அணி 10 வென்ற அணியின் மைதானத்துக்குப் போவதா? என்.எஃப்.எல். உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான உங்கள் என்.எஃப்.எல்.-இல், பிளேஆஃப் (பருவ முடிவில் தோற்றால் வெளியேறும் சுற்று) வரிசையில் மேலே இருக்கும் அணிக்கே சொந்த மைதானம். டிவிஷனை (நான்கு அணிகள் கொண்ட பிரிவு) வென்ற அணிகளுக்கு, வெற்றிகள் குறைவாக இருந்தாலும், முதல் நான்கு இடங்கள் போய்விடுகின்றன. அந்த வரிசையை வெற்றிக் கணக்கை வைத்தே அமைக்க வேண்டும் என்று டெட்ராய்ட் லயன்ஸ் கொண்டுவந்த திருத்தம், 2025 மே கூட்டத்தில் வாக்கெடுப்புக்கே வராமல் திரும்பப் பெறப்பட்டது. 32 அணிகளில் 24 ஆதரித்தால் விதி மாறிவிடும். அதை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2024 பருவத்தில் பிளேஆஃபுக்கு முந்தைய கடைசி ஆட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. ஒரே டிவிஷனைச் சேர்ந்த இரண்டு அணிகள் மோதின: லயன்ஸ் 14-2 (14 வெற்றி, 2 தோல்வி), வைக்கிங்ஸ் 14-2. வென்ற லயன்ஸுக்கு முதலிடமும் ஒரு வார ஓய்வும் கிடைத்தன. 31-9 என்று தோற்ற வைக்கிங்ஸ் நேராக ஐந்தாமிடத்துக்கு இறங்கியது. 10-7 கணக்கு வைத்திருந்த பக்கனீர்ஸும் ராம்ஸும், டிவிஷனை வென்ற ஒரே காரணத்தால், அதற்கு மேலே உட்கார்ந்தன. பிளேஆஃபின் முதல் சுற்றில் வைக்கிங்ஸ் ராம்ஸோடு மோதியபோது ராம்ஸ்தான் சொந்த மைதான அணி. லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயால் ஆட்டம் அரிசோனாவின் கிளென்டேலுக்கு மாற்றப்பட்டபோதும் அந்த உரிமை ராம்ஸிடமே இருந்தது. வைக்கிங்ஸ் 27-9 என்று தோற்றது. தன் ஊரான மினியாபொலிஸில் ஆடியிருந்தால் வென்றிருக்கும் என்று நான் வாதாடவில்லை. அக்டோபரிலேயே ராம்ஸிடம் தோற்ற அணி அது. ஆனால் 14 வெற்றிக்கு உரிய ஓர் ஆட்டம்கூட அதன் ரசிகர்களுக்குக் கிடைக்கவில்லையே!

சொந்த மைதானம் என்பது வெறும் கௌரவம் இல்லை என்பது உங்கள் பயிற்சியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். எதிரணி ஊரில் கூச்சல் எழும்பினால், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே எட்டாது. குரலுக்குப் பதில் சைகையால் பந்தைக் கேட்கும் சைலன்ட் கவுன்ட்தான் வழி: சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு திரும்பிப் பார்க்கிறார், குவார்ட்டர்பேக் காலைத் தூக்கியதும், பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரைத் தட்டுகிறார், அதன்பிறகு பந்து பின்னால் வருகிறது. வரிசையின் ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள் அந்தப் பந்து அசைவதைப் பார்த்துத்தான் கிளம்ப முடியும். அவருக்கு எதிரே நிற்பவரும் அதே பந்தைத்தான் பார்க்கிறார். பந்து எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும் சாதகம் அங்கேயே போய்விடுகிறது. அவசரப்பட்டு அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 கெஜம் நஷ்டம்.

2011 ஜனவரியில் 11-5 செயின்ட்ஸ், அதுவும் நடப்புச் சாம்பியன், 7-9 சீஹாக்ஸின் ஊருக்குப் போய் 41-36 என்று தோற்றது. மார்ஷான் லின்ச் 67 கெஜம் ஓடியபோது சியாட்டில் ரசிகர்கள் குதித்த குதி நிலநடுக்கமானியில் பதிவானது. அந்த அதிர்வு யாருக்குச் சேர வேண்டியது? 2014-இல் 7-8-1 (ஓர் ஆட்டம் சமன்) பாந்தர்ஸ், 11-5 கார்டினல்ஸைத் தன் ஊருக்கு வரவழைத்து வென்றது. 2022-இல் 12-5 கவ்பாய்ஸ், 8-9 பக்கனீர்ஸின் ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

எல்லா அணிகளும் ஒரே அட்டவணையில் ஆடுவதில்லை, கணக்கை ஒப்பிட முடியாது என்கிறீர்கள். லீக்கின் ஒவ்வொரு பாதியிலும் டிவிஷன் சாம்பியன்கள் நால்வரை ஒன்று முதல் நான்கு வரை அடுக்குவது எதை வைத்து? டிவிஷனை வெல்லாமலே உள்ளே வரும் வைல்ட் கார்டு அணிகள் மூன்றைத் தேர்ந்தெடுப்பது எதை வைத்து? அதே கணக்கை வைத்துத்தானே!

டிவிஷன் போட்டியின் மதிப்பு குறைந்துவிடும் என்ற கவலையும் வேண்டாம். வென்றவருக்கு பிளேஆஃப் இடம் அப்படியே இருக்கட்டும். யார் ஊரில் ஆட்டம் என்பதை மட்டும் வெற்றிக் கணக்கு சொல்லட்டும்.

1972-இல் ஒரு தோல்வியும் காணாத டால்ஃபின்ஸ், சொந்த மைதானம் டிவிஷன்களுக்கு மாறி மாறிப் போகும் சுழற்சி முறையால் அரையிறுதியை பிட்ஸ்பர்க்கில் போய் ஆடியது. அது தவறென்று உணர்ந்து 1975-இல் முறையை மாற்றியது இதே லீக்தான். கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வும் 2015-இல் டிவிஷன் சாம்பியன் சலுகையை எடுத்துவிட்டது. ஏழாவது பிளேஆஃப் அணியைச் சேர்க்கவும், 17-ஆவது ஆட்டத்தைச் சேர்க்கவும் உங்களிடம் வாக்குகள் இருந்தன. அந்த 17 ஆட்டத்தையும் உடம்பைக் கொடுத்து ஆடுகிறவர்களுக்கு நியாயம் செய்ய மட்டும் ஏன் இல்லை?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மார்ச் ஆண்டுக் கூட்டத்தில் இந்தத் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விடுங்கள். சொந்த மைதானத்தை வெற்றிக் கணக்கை வைத்துக் கொடுங்கள். எதிர்த்து வாக்களிப்பதானால், அதற்கான காரணத்தை உங்கள் ஊர் ரசிகர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்