குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பி: முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாராவி, சயான் பக்கம் மூட்டை தூக்கிப் பிழைக்கும் நம்மவர்கள் பலர், தொடை இடுக்கில் வரும் குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் அறுவை) செய்துகொண்டால் மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று நம்புகிறார்கள். அப்படியல்ல.

தொப்புளருகே 10 மி.மீ. துளை ஒன்று, 5 மி.மீ. துளைகள் இரண்டு என்பதே வழக்கம். கரியமில வாயு செலுத்தி இடம் உண்டாக்கி, வயிற்றுச் சுவரின் உட்புறம் ஏறத்தாழ 10க்கு 15 செ.மீ. அளவுள்ள செயற்கை வலையை, இறக்கம் வந்த இடத்தை மூடும்படி விரிப்பார்கள். வெளிக்காயம்தான் சிறிது, உள்ளே நடப்பது பெரிய வேலை. வலை சின்னதாக இருந்தாலோ ஓரம் மடிந்தாலோ இறக்கம் திரும்பவும் வரும். ஆகவே, இந்த முறையில் நன்கு பழகியவரா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இதற்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை. இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களுக்கும், புராஸ்டேட் சுரப்பியை அகற்றியவர்களுக்கும் வெளியே கீறிச் செய்யும் திறந்த அறுவையே பெரும்பாலும் பொருந்தும். இருபுறமும் இறக்கம் உள்ளவர்களுக்கும், திறந்த அறுவைக்குப் பிறகு மீண்டும் வந்தவர்களுக்கும் லேப்ராஸ்கோப்பி நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு, இறக்கம் இருந்த அதே இடத்தில் நீர் கோத்து வீங்கினால் பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். ஊசியால் உறிஞ்சச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கிருமி புகுந்தால் வலைக்கே ஆபத்து. சிறுநீர் பிரியாவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போங்கள். அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்கலாம். மூட்டை தூக்க 4 முதல் 6 வாரமாவது பொறுக்க வேண்டும்.

அறுவைக்குக் காத்திருக்கும்போதே இறக்கம் இறுகி, வலித்து, உள்ளே தள்ளினாலும் போகாமல் வாந்தியும் எடுத்தால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

— அறுவை சிகிச்சை மருத்துவர்கள் இருவர், மாட்டுங்கா, மும்பை