எச்.ஐ.வி.: நாள் கணக்கையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் எச்.ஐ.வி. எப்படித் தொற்றும் என்று கேட்டால், பாதுகாப்பற்ற உடலுறவு, இரத்தம், ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம். அட்டை கடித்தால்? நுளம்பு குத்தினால்? ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால்? இவை எதனாலும் தொற்றாது. நுளம்பு நமக்குள் செலுத்துவது தன் உமிழ்நீரைத்தான். முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. இந்தப் பயத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளவும் முடியாது. வெறும் வதந்தியை நம்பி ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்க்க மறுத்த விவகாரம் 2016இல் உயர் நீதிமன்றம் வரை போனது.

அதைவிடக் கெட்டது வீண் துணிச்சல். "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் எச்.ஐ.வி. எயிட்ஸாக முற்றப் பொதுவாக 8 முதல் 10 வருடம் செல்லும். அதுவரை பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் சிலர் பாதுகாப்பற்ற உறவுக்கு மறுநாளே சோதித்து, "நெகடிவ்" என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆய்வுகூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு (வைரஸின் ஒரு பகுதியையும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியையும் சேர்த்துத் தேடுவது) 45 நாள், விரல்நுனி இரத்தத்தில் செய்யும் துரித சோதனைக்கு 90 நாள் கழிந்தால்தான் அந்த முடிவை நம்பலாம்.

தொற்றியிருக்குமோ என்ற நிலையில் உடனே தொடங்கும் தடுப்பு மருந்தும் இருக்கிறது. 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். வெள்ளி இரவு பத்து மணிக்கு நடந்ததற்குத் திங்கள் காலை எட்டுக்கு கிளினிக் வாசலில் நின்றால் 58 மணித்தியாலம் போயிருக்கும். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டியவருக்கு மிச்சம் எவ்வளவு? எனவே கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போய் மருத்துவரிடம் கேட்பதே சரி. பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு இது மிக மிக முக்கியம்.

ஆணுறை பற்றிய பாடமும் பெயரோடு முடிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் பர்சில் கிடந்து நசுங்கியது, பல்லால் கிழித்த பக்கெட், தேங்காயெண்ணெயோ வஸலினோ பூசியது: கிழிவது பெரும்பாலும் இவற்றால்தான். காலாவதித் திகதியைப் பார்க்கவும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சிகிச்சையைப் பற்றியோ பேச்சே இல்லை. மாத்திரையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவாது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. இப்படியிருக்க, எயிட்ஸ் என்றாலே பயமுறுத்தும் மண்டையோட்டுப் போஸ்டர் எதற்கு?

உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் 1இல் பேச்சுப் போட்டி வைக்கும் பாடசாலைகள், கண்டி, நுவரெலியா, பதுளை அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் திறக்கும் நாள், நேரம், தொலைபேசி இலக்கத்தையும் அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். அங்கே சோதனைக்குக் காசு இல்லை, விபரம் வெளியே போகாது என்பதையும் கீழே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
பாடசாலைச் சுகாதாரக் கல்வியில் ஈடுபட்டுள்ளோர்,
ஹட்டன்