காத்திருக்கும் ஆர்டர் வியாபாரம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் வணிகப் பக்கத்தில், அப்பர் சர்க்யூட்டை, அதாவது ஒரே நாளில் விலை ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பைத் தொட்ட மலிவு விலைப் பங்குகளின் பட்டியலை ‘வாங்குவோர் குவிகின்றனர்’ என்ற தலைப்போடு வெளியிட்டிருந்தீர்கள். அந்தத் தலைப்பு என்னை உறுத்துகிறது.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகன் இப்படியொரு பங்கைக் கைப்பேசியில் காட்டினான். விலை 4 ரூபாய் 20 காசு. வாங்கும் பக்கம் 6 லட்சம் பங்குகள். விற்கும் பக்கம் பூஜ்யம். “சித்தப்பா, விற்க ஆளே இல்லை பாருங்கள்” என்றான். அவன் பார்த்தது காத்திருக்கும் ஆர்டர்களை. அவற்றை நொடியில் ரத்து செய்துவிடலாம். பணமும் எங்கும் போகாது. 6 லட்சம் பங்கு என்றால் மலைப்பாக இருக்கிறது, பெருக்கிப் பார்த்தால் 25 லட்சம் ரூபாய்தான். நாலைந்து பேர் சேர்ந்தால் போதும், அந்தத் திரையை நிரப்பிவிடலாம்.

நடந்து முடிந்த வியாபாரத்திலோ வாங்கிய ஒவ்வொரு பங்குக்கும் விற்ற ஒருவர் இருந்தே தீர வேண்டும். பல நாள் கிடைக்காத அந்தப் பங்கு, ஒருநாள் 6 ரூபாயில் தாராளமாகக் கிடைத்தது. அன்றுதான் அவன் வாங்கினான். இத்தனை பங்குகளை அன்று விற்றவர் யார் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு திரை தலைகீழானது. விற்க லட்சக்கணக்கில் வரிசை, வாங்க ஒருவரும் இல்லை. ஒரே விலையில் முதலில் வந்த ஆர்டருக்கே முதலிடம். நிறைவேறாதது மாலையில் காலாவதியாகிவிடும். தினமும் காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பான். ஒரே நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கீழ் வரம்பான லோயர் சர்க்யூட், 5 சதவீதம் வீதம் பத்து நாள் தொடர்ந்தால் 100 ரூபாய் ஏறத்தாழ 60 ரூபாயாகிறது.

டெலிவரி சதவீதத்தையும், அதாவது வியாபாரமான பங்குகளில் வாங்கியவர் கணக்குக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தவற்றின் விகிதத்தையும், பலர் தவறாகப் படிக்கிறார்கள். 100 சதவீதம் என்றதும் நீண்ட கால முதலீட்டாளர்கள் வாங்குகிறார்கள் என்று மகிழ்கிறார்கள். மும்பைப் பங்குச் சந்தையின் ‘டி’ (T) பிரிவில் இருக்கும் பங்கை அன்றே வாங்கி அன்றே விற்றுக் கணக்கு முடிக்க முடியாது; எல்லாமே டெலிவரிதான். கட்டாயத்தால் வந்த எண்ணை நம்பிக்கையின் அடையாளமாகக் கொள்வது எப்படிச் சரியாகும்?

சாத்னா பிராட்காஸ்ட் என்ற நிறுவனத்தின் பங்கு குறித்து 2023 மார்ச்சில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவைத் தங்கள் வாசகர்கள் அவசியம் படிக்க வேண்டும். அந்தப் பங்கை வாங்கச் சொன்ன யூடியூப் காணொலிகளை நம்பி மக்கள் வாங்கியதில் சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆக உயர்ந்தது. ‘வாங்குவோர் குவிந்தனர்’ என்று அப்போதும் எழுதியிருக்கலாம். ஆனால் அந்த விலையில் விற்று வெளியேறியவர்களில் நிறுவனத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டர்கள் சிலரே இருந்தார்கள் என்றது செபி.

ஒரு நிறுவனத்தின் பங்குகளில் அரை சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் வாங்கியவர், விற்றவர் பெயர்களைச் சந்தைகள் அன்று மாலையே பல்க் டீல் பட்டியலாக இலவசமாக வெளியிடுகின்றன. இனி இத்தகைய பங்குகளைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயர்களையும், கைமாறிய தொகையை ரூபாயிலும், அந்தப் பங்கு, சந்தையின் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் அந்தத் தலைப்பையாவது விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு