பொருள்: காந்திநகர் சைட்டில் ஆணிப் பலகையும் இடிபாடும் – புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடி காந்திநகரில் நீங்கள் கட்டிவரும் மாடி வீட்டின் உரிமையாளர் எழுதுகிறேன். கட்டுவேலையில் குறை சொல்ல மாட்டேன். சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. சைட்தான் குப்பைமேடாகக் கிடக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ரூஃப் சென்டரிங்கை, அதாவது கான்கிரீட்டைத் தாங்க அடித்த பலகைகளை, பிரித்தார்கள். அவற்றை ஆணியோடு படிக்கட்டுத் திருப்பத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலை கலவைச் சட்டியோடு ஏறிய சித்தாள் அம்மா அதில் காலை வைத்துவிட்டார். தலையில் சட்டி இருக்கும்போது கீழே என்ன கிடக்கிறது என்று எப்படிப் பார்ப்பார்? ஆணி ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது. பலகை, செருப்பு, கால் மூன்றும் ஒன்றாகத் தைத்துக் கிடந்தன. மேஸ்திரி, “சுண்ணாம்பும் மஞ்சளும் வெச்சா சரியாயிடும்” என்றார். மண்ணில் கிடந்த ஆணி ஆழமாக இறங்கினால் ரணஜன்னி (டெட்டனஸ்) வரலாம் என்று அவருக்குத் தெரியாதா? நான்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய் டி.டி. ஊசி போடவைத்தேன். அந்த அம்மாவுக்கு நாலு நாள் கூலி போச்சு.

உங்கள் சைட் இன்ஜினியரைக் கேட்டால், “வேலை நடக்கிற இடம் அப்படித்தான் சார் இருக்கும்” என்கிறார். ராணிப்பேட்டையில் இரும்பை வெட்டி ஒட்டும் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் 26 வருஷம் இருந்தவன் நான். ஷிஃப்ட் முடிய கால் மணி நேரம் இருக்கும்போதே பிசிறு வாரி, துண்டுக் கம்பி பொறுக்கி, வழியைக் காலி செய்தால்தான் ஃபோர்மேன் வெளியே விடுவார். அவரைத் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் பத்து விரலோடு ரிட்டயர் ஆனேன்.

கியூரிங் டிரம்மில், அதாவது சிமென்ட் இறுக ஊற்றும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் டிரம்மில், புழு நெளிகிறது. கொசுவாக ஒரு வாரம் போதும். தெருவில் பாதி வரை ஜல்லி கிடக்கிறது. சம்ப்புக்கு (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு) மூடி இல்லை.

பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் சைட்டில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது வேலை கொடுப்பவர் பொறுப்பு என்று 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். உங்கள் கொட்டேஷனிலும் ‘சைட் கிளீனிங்’ என்று தனித் தொகை போட்டிருக்கிறீர்கள்.

ஆணி பிடுங்காமல் ஒரு பலகையும் கீழே வைக்கக் கூடாது. சம்ப்பை இன்றைக்கே மூடுங்கள். அந்த அம்மாவின் நாலு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவேன். கீழே குனிந்து பார்க்காமல் மாடிவரை ஏற முடிந்தால், பூச்சுவேலைக்கான செக் அன்றைக்கே உங்கள் கையில்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்,
காந்திநகர், காட்பாடி, வேலூர்.