மல்ச்சிங் தெரியுது, மூடாக்கு தெரியல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன வாரம் அக்ரி படிக்கிற பிள்ளைங்க நாலு பேரு எங்க ஏற்காட்டு காப்பித் தோட்டத்துக்கு ட்ரெயினிங் வந்தாங்க, மல்ச்சிங், கிரீன் மேன்யூர் (அதாங்க பசுந்தாள் உரம்)னு டக்கு டக்குனு சொல்றாங்க, ஆனா செடி அடியில சில்வர் ஓக் மரத்துச் சருகை பரப்பி வச்சிருந்ததைக் காட்டி இது என்னன்னு கேட்டா முழிக்கிறாங்க, அட அதாம்மா மூடாக்கு, உங்க மல்ச்சிங்! சரி இங்கிலீஷாவது முழுசா வருதான்னு பாத்தா, ஆர்கானிக் சர்டிபிகேட் பாரத்துல 'கன்வெர்ஷன் பீரியட்'ல ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு. ரசாயனத்தை விட்டுட்டு சர்டிபிகேட்டுக்காக காத்திருக்கிற காலம், நெல்லு மாதிரி பயிருக்கு 2 வருஷம், காப்பிக்கு 3 வருஷம்னு நான்தான் சொன்னேன் (படிச்சது எட்டாவது). போர்டுல எழுதிப்போடற வார்த்தையை தோட்டத்துல நிக்கவச்சு ரெண்டு பாஷையிலயும் சொல்லிக்குடுக்கலாமேங்க.

ஒரு வாசகர், ஏற்காடு