சீசருக்காக ஓடியவர்களுக்கு

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஒன்பது வயது அல்சேஷன் சீசர் போன வெள்ளிக்கிழமை முற்றத்தில் படுத்தபடியே போய்விட்டான். நேரில் நன்றி சொல்ல வந்தால் அழுகைதான் வருகிறது. அதனால் இந்த மடல்.

அடுத்த வீட்டு ஆச்சி, முதல் நன்றி உங்களுக்கு. சித்திரை வெயிலில் அவன் முகப்பில் சுருண்டு விழுந்தபோது, வெயில் மயக்கம் என்று தண்ணீர் தெளித்தோம். மறுநாள் எழுந்து வழக்கம்போலச் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டோம். நீங்கள்தான் உதட்டைத் தூக்கிப் பார்த்து, "ஈறெல்லாம் வெளுத்துக் கெடக்கு, சும்மா இருந்துறாதீக" என்றீர்கள்.

காரைக்குடி டாக்டரம்மா, நீங்கள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டீர்கள். துடிப்பு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றீர்கள். எக்ஸ்ரேயில் இதயம் குடம்போல உருண்டு தெரிந்தது. எக்கோ எடுத்தால்தான் காரணம் தெரியும் என்று சொல்லி, நீங்களே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பேசி அன்றே அனுப்பினீர்கள்.

ஒரத்தநாட்டு டாக்டர்களே, திரையில் விரல் வைத்துக் காட்டினீர்கள்: இதயத்தின் வலது மேலறை ஓரத்தில் கட்டி, சுற்றியுள்ள பைக்குள் ரத்தம். கட்டி கசிந்து பை நிறைந்தால் இதயம் விரிய இடமில்லாமல் நாய் விழும். கசிந்ததை உடம்பு கொஞ்சம் இழுத்துக்கொண்டால் எழுந்துவிடும். அவன் மறுநாள் சாப்பிட்டது அப்படித்தான். ஊசியால் அந்த ரத்தத்தை எடுத்த கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி என்னைத் தேடினான். அதை எப்படி மறப்பேன்? அப்புறம் மண்ணீரலையும் ஸ்கேன் செய்தீர்கள். இந்தக் கட்டி அங்கேயும் இருக்கக்கூடுமாம். ஹெமாஞ்சியோசார்கோமா, ரத்தக்குழாய் செல்களில் தோன்றும் புற்று, அல்சேஷன்களுக்கு அதிகம் வருவது என்றீர்கள். எடுத்த ரத்தத்தில் புற்றணு பெரும்பாலும் அகப்படாது என்பதால் எக்கோவையும் இனத்தையும் வைத்தே சொல்கிறோம் என்றும் மறைக்காமல் சொன்னீர்கள். குணமாகாது, நாள் கிடைக்கலாம் என்றீர்கள். 23 நாள் கிடைத்தது. தினமும் சாயங்காலம் ஊருணிவரை நடந்தான்.

கார் ஓட்டிய தம்பி, வழியெல்லாம் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினாய், வாடகையும் வாங்கவில்லை. அவன் படுத்துவந்த உன் சீட் உறையைத் துவைத்து வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ளப்பா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.